தோட்டாவுக்குள் போன என் ஒரு சிட்டிகை

என்னை ஒருநாளும் விருந்தாளியாக உணரவிடாத குணா மச்சானுக்கு,

நீர் போய் இன்றைக்கு இருபது நாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடித்தே ஆக வேண்டும் என்று மனோ பிடிவாதமாக நிற்கிறாள். மலேசியாவில் உங்கள் ஈப்போப் பக்கத்தில் இந்த வழக்கம் உண்டோ தெரியாது. நாங்கள் யாழ்ப்பாணத்தார் லண்டனுக்கு வந்தும் இதை விடவில்லை. முன்பக்கத்தில் உம்முடைய படம், பிறகு பதிகங்கள், பிறகு வம்சாவழி, கடைசியில் வந்தவர் போனவர் எல்லோருக்கும் நன்றி. நடுவில் சில பக்கம் வெறுமையாக இருக்கிறதாம். "அண்ணை, நீங்கள் எழுதுங்கோ. உங்களுக்குத்தான் அவரைப் பற்றி வடிவாத் தெரியும்" என்றாள்.

பதினெட்டு வருடம் உம்மோடு குடும்பம் நடத்திய என் தங்கைக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்? ஒன்று தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன். மலரை வாங்குகிற எல்லோரும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுப் புதினம். துளசிக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. உம்முடைய சப்பாத்துகளை வாசலிலிருந்து யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாள். ட்ராம் வரப்போகிறது என்று தெருமுனையைத் தோண்டிப் போட்டது அப்படியே கிடக்கிறது. நீர் இருந்தால் கவுன்சிலுக்கு இன்னொரு கடிதம் போயிருக்கும். போன வியாழக்கிழமை பொலிஸிலிருந்து ஒருவர் வந்து, பின் அறைச் சுவரில் பூட்டியிருந்த இரும்பு அலுமாரியைத் திறந்து, உம்முடைய துவக்கை எடுத்துப் போனார். அனுமதிப் பத்திரம் உம்முடைய பெயரில் இருந்தது, அது உம்மோடு முடிந்ததாம். மரியாதையான மனிதர். குழலை ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வைத்திருந்தவர் மிகவும் ஒழுங்கான ஆள் என்றார். மனோ அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஒழுங்கான ஆள். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை மச்சான்.

லண்டனில் மிச்சம் என்ற இடத்திலுள்ள உங்கள் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஊரில் பதினாறு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் தராசு பிடித்தவன். அரிசி, சீனி, பருப்பு என்று என் கையால் நிறுக்காத சாமான் இல்லை. "நடேசு நிறுத்தால் குறையாது" என்று சனம் சொல்லும். அந்தப் பெயர் ஒன்றுதான் எனக்குச் சொத்து. லண்டனில் அதற்கு யார் மதிப்புத் தருவார்கள்? அகதி விண்ணப்பத்துக்கு ஹோம் ஒபிஸ் கடிதம் வரும்வரை வேலைக்குப் போகக் கூடாது. தங்கச்சி மருத்துவமனையில் ஷிப்ட் முடித்துக் களைத்து வந்து சமைத்துப் போட, நான் ஜன்னலடியில் இருந்து தின்றுகொண்டிருந்தேன். அண்ணன் என்று சொல்லவே வெட்கமாக இருந்த காலம்.

நீர் வாரநாளில் பல் ஆய்வுகூடத்தில் பொய்ப்பல் செய்கிறவர். சனி, ஞாயிறில் கென்ட் பக்கத்துக் காட்டில் மான் சுடுகிறவர். முதலில் எனக்கு அது விளங்கவே இல்லை. காட்டில் மான் பெருகி இளமரக் கன்றுகளைத் தின்று அழிப்பதால் இத்தனையைக் குறைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அதற்கு ஒரு பருவம் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஜோர்ஜ் என்று ஒரு கிழவர் காவல் இருக்கிறார், அவர் விட்டால்தான் உள்ளே போகலாம் என்று நீர் பொறுமையாக விளங்கப்படுத்தினீர். இறைச்சி ஜோர்ஜோடு நின்றுவிடும். மனோ தன் சட்டிக்குள் அதை விடமாட்டாள்.

தோட்டாவைக் கடையில் வாங்காமல் வீட்டில் நீரே செய்ததுதான் எனக்கு இன்னும் வேடிக்கை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைத் துடைத்து, நீளம் சரிபார்த்து, அடியில் நெருப்புத் தொப்பி பொருத்தி, அளந்து வெடிமருந்து போட்டு, மேலே குண்டை அழுத்தி வைப்பீர். பொய்ப்பல் செய்கிற அதே முகத்தோடு செய்வீர்.

"கடைத் தோட்டா எல்லாத் துவக்குக்கும் பொதுவா செஞ்சது மச்சான். நம்ம துவக்குக்கு எது பிடிக்கும்னு நாமதான் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சிக்கணும்லா" என்பீர்.

அந்தக் கோடை முழுக்க அப்படிக் கேட்டீர். புத்தகம் சொன்ன உச்ச அளவுக்கு நன்றாகக் கீழே தொடங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு அளவிலும் ஐந்து தோட்டா செய்து, நூறு யார் தூரத்தில் தாள் வைத்துச் சுட்டு, துளைகளுக்கு நடுவே அடிமட்டம் வைத்து அளந்து கொப்பியில் எழுதினீர். கடைசியில் ஒரு அளவு பிடிபட்டது. ஐந்து துளையும் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி விழுந்த தாளைக் கொண்டுவந்து, கல்யாண வீட்டுப் படம் மாதிரி எங்களுக்குக் காட்டினீர்.

அதன் பிறகுதான் என்னைக் கேட்டீர். "மச்சான், நீங்க தராசு பிடிச்ச ஆளு. எனக்கு மருந்து நிறுத்துத் தர்றீங்களா? பல்லைப் பார்த்துப் பார்த்து என் கண்ணு போச்சு."

மனோ பாய்ந்து வந்தாள். ஏழு வருடம் காத்திருந்து அவள் வயிற்றில் துளசி வந்திருந்த நேரம் அது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனுசனிட்டை மருந்தைக் குடுக்கிறியளோ? உங்களுக்கு விசரோ? இந்த வேலையாலை ஒரு பாவம் பழி வந்தால் நான் ரெண்டு பேரையும் வீட்டிலை வைச்சிருக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

"சுடச் சொல்லலை மனோ. நிறுக்கத்தானே சொல்றேன்" என்றீர்.

உம்முடைய கண்ணுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் கைக்குத்தான் வேலை தேவைப்பட்டது. அதை என் முகத்துக்கு நேரே சொல்லாமல் உம்முடைய கண்ணின் மேல் போட்டீர். இப்படி எத்தனை விஷயத்தை உம்முடைய தலையில் போட்டுக்கொண்டீர் மச்சான்?

சனிக்கிழமைப் பின்னேரங்களில் பின் அறை மேசையில் நான் ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம். அந்தச் சின்னத் தராசு எனக்கு விளையாட்டுச் சாமான் போல இருந்தது. ஒரு பக்கம் தட்டு, மறு பக்கம் முள். முள் கோட்டுக்கு வந்தால் சரி. எட்டு மாதத்துக்குப் பிறகு என் கை எனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்தது. அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன். நாற்பது தோட்டா செய்து முடித்தோம்.

பிறகு அந்த நவம்பர் சனிக்கிழமை.

பத்து மணிக்கு வரவேண்டியவர் பின்னேரம் வந்தீர். முழங்கால்வரை சேறு. சாப்பாடு வேண்டாம் என்று கதிரையில் இருந்துவிட்டு, எங்கள் இருவரிடமும் ஒளிக்காமல் சொன்னீர். ஒரு பெண் மான். நின்ற இடத்திலேயே விழ வேண்டியது. குண்டு இடம் மாறி வயிற்றில் பட்டு ஓடிவிட்டது. இரண்டு மணித்தியாலம் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் போய், கடைசியில் ஜோர்ஜின் நாய்தான் கண்டுபிடித்தது. ஜோர்ஜ்தான் அதன் உயிரை முடித்து வைத்தார். பிறகு உம்மிடம், காரணத்தைக் கண்டுபிடித்து, ஐந்து குண்டையும் தன் கண் முன்னால் தாளில் ஒரே இடத்தில் போட்டுக் காட்டும்வரை இந்தக் காட்டில் ஒரு உயிரை நோக்கித் துவக்கை நீட்டக் கூடாது என்றாராம்.

மனோ தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "வயித்திலை பிள்ளையோடை இருக்கிறன். நீங்கள் ஒரு பெண் சீவனை வயித்திலை சுட்டுப்போட்டு வந்து நிக்கிறியள்" என்றாள். அதற்குப் பிறகு உம்மோடு கதைக்கவில்லை. கோப்பையில் சோற்றைப் போட்டு மேசையில் வைப்பாள், போய்விடுவாள்.

ஞாயிறு காலை நீர் துவக்கை முழுதாகச் சோதித்தீர். தூரக்கண்ணாடியின் ஆணிகள் இறுக்கமாக இருந்தன. குழல் சுத்தம். குண்டுகள் ஒரே நீளம். மிஞ்சியிருந்த தோட்டாக்களை எடுத்து, சுத்தியல் போன்ற ஒரு கருவியில் வைத்துத் தட்டிக் குண்டைக் கழற்றி, உள்ளே இருந்த மருந்தை ஒவ்வொன்றாகத் தராசில் கொட்டினீர். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாவதில் மருந்து அளவைவிடக் கூட. இரண்டாவது அதைவிடக் கூட. மூன்றாவது கொஞ்சம்தான் கூட. ஒன்றுகூடச் சமமாக இல்லை, ஒன்றுகூடக் குறையவும் இல்லை.

நீர் என்னைப் பார்க்காமல், "மச்சான், எனக்கு ஒண்ணு நிறுத்துக் காட்டுங்க" என்றீர்.

நிறுத்தேன். முள் கோட்டுக்கு வந்தது. தட்டை எடுத்தேன்.

"இப்ப என்னா செஞ்சீங்க?"

"ஒண்டும் செய்யேல்லையே."

"இன்னொண்ணு நிறுங்க. மெதுவா."

அப்போதுதான் நானே பார்த்தேன். முள் நடுவுக்கு வந்து நின்றதும், என் பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே மருந்துக் கிண்ணத்துக்குப் போய் ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் போட்டன. தட்டு கொஞ்சம் தாழ்ந்தது. எனக்கு மனது நிறைந்தது. சங்கக்கடையில் முள் நடுவில் நின்றால் நிறுவை முடியாது மச்சான். சனம் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும். சரியாக நிறுத்துக் கொடுத்தால் கையிறுக்கம் என்பார்கள். மேலே ஒரு பிடி போட்டு, தட்டு அவர்கள் பக்கம் தாழ்ந்த பிறகுதான் பையில் கொட்ட வேண்டும். பதினாறு வருடம் செய்தது. நாற்பது தோட்டாவிலும் உம்மை என் நல்ல வாடிக்கையாளராக நினைத்து, கை கணக்குப் பார்க்காமல் அள்ளிப் போட்டிருக்கிறேன். உச்ச அளவுக்கு நன்றாகக் கீழே நீர் நின்றிருக்காவிட்டால் அது உம்முடைய முகத்திலேயே வெடித்திருக்கும்.

லூயிஷாமில் கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெடியள் நாலு பேர் ஒரு அறையில் இருந்தார்கள். அங்கே போய்விடலாம் என்று எழும்பினேன். "நான் மனோவிட்டைச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுறன்" என்றேன்.

நீர் கதவைச் சாத்தினீர். "உட்காருங்க மச்சான். புதுசா செஞ்ச தோட்டாவை ஒரு தடவை தாள்ல சுட்டுப் பார்க்காம காட்டுக்குக் கொண்டுபோனது யாரு? நானு. அது என் தப்புலா. நீங்க மனோகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். இந்த நேரத்துல அவளுக்கு ஒருத்தர் மேல கோபம் போதும்."

திங்கட்கிழமை ஜோர்ஜுக்கு டெலிபோன் எடுத்து, எல்லாம் உம்முடைய கவனக்குறைவு என்று சொன்னீர். மனோவிடமும் அதையே சொன்னீர். அவள் காது கொடுக்கவில்லை. ஒன்பது நாள் உம்மோடு கதைக்கவில்லை. இரண்டாம் நாளே உமக்குக் காரணம் தெரியும். "உன் அண்ணன்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே உம்மோடு கதைத்திருப்பாள், என்னைப் பிடித்து ஏசியிருப்பாள். எனக்குப் போக வேறு வீடில்லை என்று உமக்குத் தெரியும். அதற்காகப் பிறகும் ஏழு நாள் அந்த மேசையில் தனியே இருந்து சாப்பிட்டீர். நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். உம்முடைய நல்ல குணத்தைப் பற்றி எழுதும்போது என் கோழைத்தனத்தையும் எழுதத்தான் வேண்டும்.

என்னை வேலையிலிருந்தும் நீர் நிறுத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை தராசை மறுபடி என் முன்னால் வைத்தீர். முள் கோட்டுக்கு வந்ததும் "போதும்" என்று வாய்விட்டுச் சொல்லி, வலது கையைத் தொடைக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது உம்முடைய சட்டம். தலை நரைக்கத் தொடங்கிய மனுசன் தன் கையின் மேல் தானே குந்திக்கொண்டு இருந்தேன். மனோ ஒருநாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, கைக்கு என்ன?" என்றாள். "உங்க அண்ணனுக்குக் கை குளிருதாம்" என்றீர், முகம் மாறாமல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வீட்டில் நான் சிரித்தது அன்றைக்குத்தான் முதல்தரம் என்று பிறகு நீர் சொன்னீர்.

ஒரு மாதத்தில் விரல் அடங்கியது. நீர் பழையபடி ஐந்து ஐந்தாகத் தாளில் சுட்டுப் பார்த்தீர். துளைகள் கிட்டக் கிட்ட வந்தன. குண்டு இருக்கும் ஆழத்தை மயிரளவு மாற்றினீர், இன்னும் கிட்ட வந்தன. பருவம் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது ஜோர்ஜ் வரச் சொன்னார். "நிறுத்தவர் வராம எப்படி?" என்று என்னையும் காரில் ஏற்றினீர்.

காட்டோரப் புல்வெளி, குளிர், நூறு யார் தள்ளி ஒரு தாள். நீர் நிலத்தில் படுத்துக் குறிபார்த்தீர். நானும் ஜோர்ஜும் பின்னால் நின்றோம். முதல் வெடி கேட்டதுதான் தெரியும், நான் நிலத்தில் குப்புறக் கிடந்தேன். ஊரில் பழகிய உடம்பு, அது என்னைக் கேட்டுப் படுக்கவில்லை. ஈரப் புல் வாய்க்குள் போனது. ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று எழும்பப் பார்த்தேன், எழும்ப ஏலவில்லை. நீர் திரும்பிப் பார்த்தீர். எழும்புங்கள் என்றும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

"அப்படியே படுத்துக்கிட்டே பாருங்க மச்சான். கீழேயிருந்து பார்த்தாத்தான் தாள் நல்லாத் தெரியும்" என்றீர்.

குழல் ஆற ஆற மற்ற நாலையும் சுட்டீர். நான் படுத்தபடியே பார்த்தேன். நாலாவது வெடிக்கு உடம்பு நடுங்கவில்லை. ஜோர்ஜ் நடந்து போய்த் தாளை எடுத்து வந்து, தன்னுடைய புகையிலை டப்பாவின் மூடியைத் துளைகளின் மேல் வைத்தார். ஐந்தும் மறைந்துவிட்டன. உம்முடைய கையைக் குலுக்கினார். நீர் என்னைக் காட்டி, மருந்து நிறுத்தவர் இவர் என்றீர். என் கையையும் குலுக்கினார். நல்லதில் எனக்குப் பங்கு தந்தீர், கெட்டதை நீரே வைத்துக்கொண்டீர்.

அடுத்த மாதம் துளசி பிறந்தாள். எனக்கும் கடிதம் வந்தது, அப்டன் பார்க்கில் மரக்கறிக் கடையில் வேலை கிடைத்தது. "கடையில மட்டும் உங்க விரல் பழைய வேலையைச் செய்யட்டும்" என்று அனுமதி தந்தீர். இன்றைக்கும் அங்கே வெண்டிக்காய் நிறுத்தால் மேலே இரண்டு போடாமல் பையைக் கட்டமாட்டேன். அதன் பிறகு உம்முடைய ஒரு குண்டுகூட இடம் மாறவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் உம்முடைய பெயரில் அப்படியே இருந்துவிட்டது.

உம்முடைய செத்தவீட்டுக்கு ஜோர்ஜ் வந்திருந்தார், பொல்லை ஊன்றிக்கொண்டு. மனோவைச் சுற்றிச் சனம் நின்றதால் என்னிடம் வந்தார். உம்மைப் போல நிதானமான சுடுகாரரைத் தான் கண்டதில்லை என்றார். அந்த ஒரு நாளைத் தவிர, என்றார். அதையும் தன் கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்ட மனிதர், சாட்டுச் சொல்லவில்லை என்றார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு மனோ கேட்டாள், "அந்தக் கிழவர் என்ன சொன்னவர் அண்ணை?" "இவரைப் போல ஒரு சுடுகாரரைக் கண்டதில்லையாம்" என்று பாதியைச் சொல்லி மற்றதை விழுங்கிவிட்டேன். நீர் இறந்த பிறகும் உம்முடைய முதுகின் பின்னால் ஒளிந்து நிற்கிறேனே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதுவரை எழுதியதை இன்று மதியம் மனோவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டு வாசிக்கத் தொடங்கியவள் நடுவில் கதிரையில் இருந்துவிட்டாள். முடித்த பிறகு அந்த ஒன்பது நாளை எழுதிய பக்கத்தைத் திருப்பி எடுத்தாள்.

"ரெண்டாம் நாளே அவருக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"பிறகும் ஏழு நாள் நான் அந்த மனுசன்ரை முகத்தைப் பாக்கேல்லை. உங்களுக்காகவோ?"

"ஓம், மனோ."

தாள்களை அடுக்கி என் கையில் தந்தாள். "இதை அப்பிடியே அச்சடிக்கக் குடுங்கோ. ஒரு சொல்லும் வெட்டக் கூடாது" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. சற்று முன் கோப்பையில் சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். உம்முடைய கதிரையில் இருந்து அதைச் சாப்பிட்டேன் மச்சான். கண்ணீரோடுதான் சாப்பிட்டேன், ஆனால் இவ்வளவு வருடத்தில் இவ்வளவு மனநிறைவோடு நான் சாப்பிட்டதில்லை.

வருகிற சனிக்கிழமை ரயிலேறிப் போய் ஜோர்ஜைக் காண்பேன். என்னுடைய அரைகுறை இங்கிலீஷில், அன்று பிசகியது உம்முடைய கையில்லை, என்னுடையது என்று சொல்லுவேன். இங்கே மனோ எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் இருப்பேன், ஒரு நாளும் குறைக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். இது சத்தியம். உமக்கு இனி அந்தப் பாரம் இல்லை.

மனோவின் அண்ணன், துளசியின் மாமா,
என்றைக்கும் உம்முடைய மச்சான்
நடேசு